உப்பு விற்றவள் குரலும் இன்றைய விளம்பரத் தமிழும்

அகநானூற்றில் அம்மூவனார் பாடிய பாட்டுகளுள் உப்பு விற்கும் பெண்ணொருத்தியைக் காட்டுவன இரண்டு உண்டு. 140-ஆம் பாட்டு ஒன்று. 390-ஆம் பாட்டு மற்றொன்று. இரண்டிலும் அவள் உமணர் குடியிற் பிறந்தவள். சேரிக்குள் நடந்து தன் உப்பைக் கூவி விற்கிறாள். நெல்லும் உப்பும் ஒத்த அளவு. வேண்டுவோர் கொள்ளலாம் என்பதே அவள் கூவும் செய்தி. உப்பு தூயது என்றோ, அடுத்த சேரியாள் கொணரும் உப்பினும் மேலானது என்றோ, இதனை உண்டார் நோயின்றி வாழ்வர் என்றோ அவள் கூறவில்லை. 140-ஆம் பாட்டில் மட்டும் வெண்மை என்னும் ஓர் அடைமொழி உண்டு. அதுவும் கூடையைக் கண்ணாற் கண்டோர் சரிபார்த்துக் கொள்ளத்தக்கதே.

ஆனால் கேட்டவன் நெஞ்சில் நிகழ்ந்தது வேறு. ஒரு பாட்டில் அவள் குரல் கேட்டு மனைநாய் குரைக்கிறது. அஞ்சிய அவள் கண்கள் தலைவன் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மற்றொன்றில் அவன் வழிமறித்து நின்று, உன் கூடையில் உள்ள உப்பின் விலை அறிந்தோம், உன் மேனியில் வாழும் உப்பின் விலையை அறியோமே என்கிறான். என்னை மறித்து நிற்கும் நீர் யார் என்று முறுவலித்து விலகுகிறாள் அவள். பொருளைப் பற்றிய சொல் ஒரு பக்கமும், கேட்டார் உள்ளத்து எழுந்த உணர்வு மறுபக்கமும் இங்கே தனித்தனியே நிற்கின்றன. இன்று நாம் விளம்பரம் என வழங்கும் கலை, இவ்விரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியபோது பிறந்தது. கூடையிலுள்ள உப்புக்கு, மேனியிலுள்ள உப்பின் மயக்கத்தைக் காட்டி விலை சொல்வதே அதன் தொழில்.

உப்பையே எடுத்துக்கொள்வோம். 1983-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் பொதியில் அடைத்த அயோடின் உப்பை நாடெங்கும் விற்கத் தொடங்கியது. உப்பு எவர் விற்பினும் கரிக்கும். நாவினால் அதில் பெருவேறுபாடு காண்பது அரிது. அவ்வுப்புக்குப் பின்னர் வாய்த்த தொடர் ‘தேஷ் கா நமக்’ என்பது. இந்தியில் ‘நமக்’ வெறும் உப்பன்று. ‘நமக் ஹலால்’ என்றால் உண்ட வீட்டுக்கு நன்றி மறவாதவன். ‘நமக் ஹராம்’ என்றால் அந்நன்றி கொன்றவன். தமிழில் அது ‘தேசத்தின் உப்பு’ என்று ஆகும்போதும் பொருள் குன்றவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் பழமொழி நம்மிடமும் உள்ளது. அதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கும், இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கும் நடந்த பிறகு, இந்நாட்டில் உப்பும் தேசமும் இணைபிரியாச் சொற்களாயின. அத்தொடரை எழுதியவர்க்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்திருக்கலாம். அதற்கு வேண்டிய உணர்ச்சியை ஈட்டியவர்கள் வெயிலில் பல நாள் நடந்தவர்கள்.

விளம்பரத்தின் வெற்றி அது புதிதாகப் படைக்கும் சொல்லில் இல்லை என்பதே என் துணிபு. வீடு, கோயில், மணவறை, போராட்டக்களம் ஆகியவற்றில் ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாக ஒரு சொல்லுக்குள் சேர்த்து வைத்த உணர்ச்சியை எடுத்துத் தன் பொருளின் மேல் பூசிவிடுவதில்தான் அதன் திறன் உள்ளது. ஆகவே, ஒரு விளம்பரத்தை ஆராயப் புகுவோர் முதலில் கேட்க வேண்டுவது, இச்சொல் எந்த வீட்டிலிருந்து எடுத்துவரப்பட்டது என்பதே.

இதற்கு மேனாட்டு உளநூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நந்நான்கு எனக் காட்டியுள்ளார். செய்யுளுக்கென எழுந்த அப்பகுப்பு வணிகர் அவையிலும் எத்துணைப் பொருத்தமாக அமர்கிறது என்று காண்கையில் நகைப்பும் சிறிது நாணமும் ஒருங்கே தோன்றுகின்றன. மருட்கைக்கு அவர் கூறும் களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கடையில் அடுக்கியுள்ள பெட்டிகளைப் பாருங்கள். ‘புதிய’ என்ற சொல் இல்லாத சவர்க்காரப் பொதி அரிது. ‘இப்போது கூடுதல் அளவு’ என்பது பெருமை. ‘ஒரு துளியே போதும்’ என்பது சிறுமை. பூசுமுன் ஒரு முகமும் பூசியபின் ஒரு முகமும் அருகருகே வைத்துக் காட்டுவது ஆக்கம். பெருமிதத்தின் களன்களாகிய கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றுள் கல்வியைக் குழந்தைகளுக்கான சத்துமாவு விற்போரும், தறுகணை மோட்டார் சைக்கிள் விற்போரும், இசைமையைப் பட்டு விற்போரும், கொடையைத் தீபாவளி இனிப்புப் பெட்டி விற்போரும் தம்முள் பங்கிட்டுக்கொண்டு விட்டனர்.

இவற்றால் பெருந்தீங்கு விளைவதில்லை. புதுமை என்று வாங்கியது பழையதாகவே இருப்பின், அடுத்த மாதம் வேறொன்றை வாங்கலாம். நின்று நோக்க வேண்டியது இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன அதன் நான்கு களன்கள். மென்மை என்பதை இங்கே எளிமை, தாழ்ந்த நிலை எனக் கொள்ளலாம். தலைச்சாயம் விற்போர் மூப்பையும், மருந்து விற்போர் பிணியையும், தைலம் விற்போர் வருத்தத்தையும் பற்றிக்கொள்கின்றனர். இவற்றுள் வருத்தம் ஓரளவு நேர்மையான களன் என்பேன். தலைவலி என்பது விளம்பரம் உண்டாக்கும் நோயன்று. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கி, 1914-இல் சென்னைக்குக் கொணர்ந்த தைலத்துக்கு அமிர்தாஞ்சனம் என்று பெயரிட்டார். அமிர்தம் என்பதும் அஞ்சனம் என்பதும் புராணத்திலிருந்தும் பெண்டிர் கண்ணிலிருந்தும் வந்த சொற்கள்தாம். எனினும் வலி முன்னே இருந்தது. பெயர் பின்னே வந்தது. நான்காவது களனாகிய மென்மையில் இம்முறை தலைகீழாகிறது. முன்னில்லாத தாழ்வை முதலில் உண்டாக்கி, அதன் பின்னரே மருந்தைக் காட்டுகிறது விளம்பரம்.

‘சிவப்பழகு’ என்னும் சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன். 1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரில் முகப்பூச்சு ஒன்றைக் கொணர்ந்தது. அதன் வழியே பெருகிய முகப்பூச்சு விளம்பரங்களைத் தமிழில் எழுதியோர்க்கு ஓர் இடர் இருந்தது. ஆங்கிலச் சொல்லில் வெண்மையும் அழகும் நேர்மையும் ஒருங்கே அடங்கியுள்ளன. தமிழில் ‘வெள்ளை’ என்றால் வெள்ளைக்காரன் நினைவுக்கு வருவான். ‘வெளுப்பு’ என்றால் சோகை பிடித்த முகம் நினைவுக்கு வரும். ‘வெண்மை’ சலவைத்தூளுக்குப் போய்விட்டது. ஆகவே அவர்கள் அங்காடியை விட்டுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். பெண் பார்த்துத் திரும்பிய பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து, பெண் நல்ல சிவப்பு என்றோ, நிறம் சற்று மட்டு என்றோ தணிந்த குரலில் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்தச் ‘சிவப்பு’ எடுக்கப்பட்டது; ‘அழகு’ அதனோடு ஒட்டப்பட்டது. ‘சிவப்பு’ என்பதற்கும் ‘அழகு’ என்பதற்கும் இடையே நின்றிருக்க வேண்டிய வினா, புணர்ச்சியில் கெட்டுப்போயிற்று. சிவப்பு அழகா என்று கேட்டால் மறுமொழி கூறலாம். சிவப்பழகு என்று ஒரே சொல்லாக்கிவிட்டால் மறுப்பதற்கு இடமேது? சந்தி இலக்கணம் இத்துணை இலாபம் தந்த இடம் வேறொன்றை யான் அறியேன்.

நம் பழம்பாட்டு இதற்கு நேர்மாறாகப் பேசியது. சங்கத் தலைவியின் மேனி நிறம் மாமை; மாந்தளிரின் நிறம் அது. அவள் மேனி வெளிறும் போது அதற்குப் பெயர் பசலை. அது பிரிவினால் வந்த நோய். குறுந்தொகை 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், தன் மாமை தனக்கும் ஆகாது, தலைவனுக்கும் உதவாது, பசலை உண்ணும்படி ஆயிற்றே என்று தலைவியை வருந்த வைக்கிறார். நிறம் மாறுதலை அழகின் இழப்பாகக் கண்டு துயருற்ற மொழியிலேயே, நிறம் மாறுதலை அழகின் வரவாக விற்க முடிந்தது என்றால், நடுவில் நமக்குள் எவ்வளவோ நிகழ்ந்திருக்க வேண்டும். அதனை விளம்பரம் தொடங்கி வைக்கவில்லை. மணமகள் தேவை என்னும் பத்திகளில் ‘நல்ல நிறம்’ என்று நாமே எழுதியதை அது தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. 2020-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை நீக்கி ‘க்ளோ’ என்று மாற்றியது. தமிழில் இன்று ‘பொலிவு’, ‘ஒளிர்வு’ என்ற சொற்கள் மிகுதியாகக் காதில் விழுகின்றன. சொல் மாறியது நன்றே. ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகள் கண்ணாடி முன் நின்று தம் மாமையைக் குறைபாடென்று எண்ணிய பெண்மக்களுக்கு அப்பெயர் மாற்றத்தால் என்ன திரும்பக் கிடைத்தது?

அச்சத்தை விற்போர் இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொள்வதில்லை. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். மூன்றும் விளம்பர எழுத்தாளர்க்கு மனப்பாடம். 1956-இல் நிறுவப்பெற்ற ஆயுள் காப்பீட்டுக் கழகம் சாவைக் குறித்தே வணிகம் செய்கிறது. ஆனால் அதன் பெயரில் இருப்பது ஆயுள். சின்னத்தில் இருப்பது சுடரை அணைத்துக் காக்கும் இரு கைகள். விளக்கு அணைந்தது என்று கூறாமல் விளக்கைக் குளிர்வித்தாள் என்று சொல்லும் வீட்டில் பிறந்த எவருக்கும் அச்சின்னம் விளக்கவுரை இல்லாமலே விளங்கும். மங்கல வழக்கின் மிகத் தேர்ந்த பயன்பாடு அது; அதில் குறைகாண எனக்கு மனமில்லை. இடக்கரடக்கலை ‘அந்த நாட்கள்’ என்று பேசும் விளம்பரங்களில் காணலாம். குழூஉக்குறியோ, பரஸ்பர நிதி விளம்பரங்களின் இறுதியில், முதலீடு சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது என்பதை ஒரே மூச்சில் ஓட்டிப் படிக்கிறார்களே, அதுதான். தமிழ்ச் சொற்களாலேயே ஆயினும், தமிழர் எவர்க்கும் விளங்கா வேகத்தில் சொல்லப்படுவதால் அது குழுவினர்க்கு மட்டும் உரிய குறியாகிவிடுகிறது.

இனி, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மைப் போன்றோர்க்குத் தனியாக உரிய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ கேட்கின்றனர். பள்ளியில் ஆங்கிலம் கேட்கின்றனர். தமிழ் அவர்களுக்கு இரண்டே வாயில்களில் வருகிறது: ஒன்று தாயின் வாய், மற்றொன்று தொலைக்காட்சிப் பெட்டி. பெட்டி தரும் தமிழில் கணிசமான பகுதி விளம்பரத் தமிழ். அதிலும் பெரும்பகுதி மும்பையில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கருவுற்றுப் பின்னர் தமிழ் உடுத்தியது. ஒரே விளம்பரத்தை இரு மொழியிலும் கேட்கும் வாய்ப்பு சென்னைவாசிக்கு அரிது. நமக்கு அன்றாடம் உண்டு. திறனாய்வுக்கு இதனினும் நல்ல இருக்கை வேறில்லை.

1980-களில் இந்தியத் தொலைக்காட்சியில் லலிதாஜி என்னும் பாத்திரம் தோன்றினாள். 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா சலவைத்தூள் மிகக் குறைந்த விலையில் விற்று, சர்ஃபின் சந்தையைக் கவர்ந்து வந்த காலம் அது. அதற்கு மறுமொழியாக லிண்டாஸ் நிறுவனத்தில் அலீக் பதம்சீ உருவாக்கிய பாத்திரமே லலிதாஜி. நடித்தவர் கவிதா சௌத்ரி. அவள் சிரித்துக் குழையவில்லை. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் கண்டிப்போடு, மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்றாள். முத்தாய்ப்பாக வந்தது: ‘சர்ஃப் கீ கரீதாரீ மே ஹீ சமஜ்தாரீ ஹை’. இதனைத் தமிழில், சர்ஃப் வாங்குவதே அறிவுடைமை என்று பெயர்த்துப் பாருங்கள், உப்பில்லாப் பண்டமாகும். கருத்து முழுதும் வந்துவிட்டது. ஆனால் ‘கரீதாரீ’, ‘சமஜ்தாரீ’ என்னும் இயைபு போயிற்று. அவ்வியைபு செவிக்கு இன்பம் மட்டும் தரவில்லை. வாங்குதலும் அறிவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நம்பச் செய்தது. ஒலி ஒத்தவை பொருளும் ஒத்தவை என்று எண்ணுவது மனித மனத்தின் பழைய பலவீனம். நம் பழமொழிகளில் எதுகையும் மோனையும் இத்துணை மிகுந்திருப்பதற்கும் அதுவே காரணம் போலும். தமிழில் வேண்டியது ‘சமர்த்து’ என்ற சொல். செட்டாகக் குடும்பம் நடத்தும் பெண்ணைப் பாட்டிமார் பாராட்டும் சொல் அது. அதனை முதலாகக் கொண்டு ஒரு மோனைத் தொடர் அமைத்திருந்தால் லலிதாஜி மயிலாப்பூர் மாமியாகவே ஆகியிருப்பாள்.

பெயர்ப்பில் இழப்பதே வழக்கம். பெயர்ப்பில் பெற்றது ஒன்றும் உண்டு. அதே சர்ஃப் குடும்பத்தின் ‘தாக் அச்சே ஹை’ என்ற தொடர் 2005-இல் வந்தது. தமிழில் அது ‘கறை நல்லது’. தங்கை சேற்றில் விழுந்து அழுகிறாள்; அண்ணன் அச்சேற்றையே குத்தி அடித்து, அது மன்னிப்புக் கேட்டுவிட்டது என்று அவளைத் தேற்றுகிறான்; சட்டையெல்லாம் சேறு. வெகுளிக்குரிய களன்களுள் குடிகோள் என்று ஒன்று உண்டு. சுற்றத்துக்கு நேர்ந்த தீங்கு கண்டு எழும் சினம் அது. அந்தச் சிறுவனின் வெகுளி அவ்வகையினது. நமக்கோ நகையும் உவகையும் தருவது. மூன்று மெய்ப்பாடுகளை ஒரு நிமிடத்துக்குள் அடக்கிய அவ்விளம்பரத்தை, சலவைத்தூள் பற்றிய எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நல்ல சிறுகதை என்றே கூறலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது ‘கறை’ என்ற சொல்லைப் பற்றி. ‘அழுக்கு நல்லது’ என்றிருந்தால் எவரும் ஏற்றிரார். அழுக்கு கழுவப்பட வேண்டியது. ‘மாசு’ என்றால் அறம் பேசியதாகும். காற்று மாசும் நினைவுக்கு வந்து கெடுக்கும். கறை என்பது பழி, களங்கம் என்ற பொருளை உடையதாயினும், தமிழ்ச் செவிக்கு அது இன்னொன்றையும் சொல்லும். உலகைக் காக்க நஞ்சுண்ட இறைவனின் மிடற்றில் தங்கிய கறை அது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் பாரதம் பாடிய பெருந்தேவனார் அக்கறையை அணியென்றே போற்றுகிறார். மறையோர் புகழும் சிறப்பினது என்றும் கூறுகிறார். பிறர் துயர் துடைக்கத் தானேற்ற கறை அழகு என்னும் எண்ணம் இம்மண்ணில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. மும்பையிலோ சென்னையிலோ அதனைத் தமிழாக்கியவர் புறநானூற்றை நினைத்து எழுதினார் என்று யான் வாதிடவில்லை. அவர் நினைத்திருக்க வேண்டியதும் இல்லை. சொல் நினைத்துக்கொண்டது.

கோயிலிலிருந்து எடுத்தது தெளிவாகவே தெரியும் இடமும் ஒன்றுண்டு. முருகன் படத்தின் கீழ் ‘யாமிருக்கப் பயமேன்’ என்று எழுதிய நாட்காட்டி தொங்காத தமிழ் வீடு அரிது. டில்லிக் குளிரிலும் கல்கத்தாப் புழுக்கத்திலும் அது சுவரில் இருக்கிறது. ‘ஹமாம் இருக்கப் பயமேன்’ என்று ஒரு சவர்க்கார விளம்பரம் பேசியபோது, மாறியது ஒரே சொல்; இறைவன் நின்ற இடத்தில் சவர்க்காரம் நின்றது. இதனைப் பழிப்பெனக் கருதிச் சினந்தோரை யான் கண்டதில்லை. சிரித்துக்கொண்டே ஏற்றோம். இந்தியில் இத்தொடருக்கு இணையாக ஒன்றை எழுதிவிட முடியாது. இந்த வகையில் இது அசல் தமிழ் விளம்பரமே. கலைத்திறன் என்ற அளவில் மேற்சொன்ன பெயர்ப்புகள் அனைத்தினும் இதனையே உயர்வாக மதிப்பேன். அச்சம் தீர்க்கும் ஆறெழுத்து மந்திரத்தின் அருகில் இதனை வைக்க நேர்ந்தமைக்காக வருந்தவும் செய்வேன். இரண்டும் ஒருசேர உண்மை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இம்மலரின் பக்கங்களிலும் விளம்பரங்கள் உள. அவற்றின் உதவியாலேயே இதனை அச்சிட முடிகிறது. ‘நல்வாழ்த்துகளுடன்’ என்று மேலே எழுதி, கீழே கடையின் பெயரும் தெருவின் பெயரும் மட்டும் தந்திருப்பார்கள். எதனை விற்கிறார்கள் என்றுகூடச் சில வேளைகளில் தெரியாது. அடைமொழி துறந்த அம்மூவனார் மரபு அங்கேதான் எஞ்சியுள்ளது போலும்.

புலம்பெயர்ந்தோர் உள்ளத்தை விற்பனையாளர் எப்போதோ அளந்து வைத்துவிட்டனர். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையினர்க்குக் கோபால் பல்பொடி விளம்பரம் நினைவிருக்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளை அடுக்கி, அந்நாட்டு மக்களின் ஆதரவு பெற்றது என்பார்கள். பல் வெளுக்கும் என்பதைக் காட்டிலும் அந்நாட்டுப் பெயர்களே காதில் நின்றன. கூர்ந்து நோக்கினால் அது தமிழர் கப்பலேறிச் சென்ற வரைபடம். பினாங்கில் சித்தப்பாவும் கொழும்பில் மாமாவும் இருந்த குடும்பத்துக்கு, காலையில் பல் துலக்குவதே உறவினரோடு சேர்ந்து செய்யும் காரியமாகத் தோன்றியிருக்கும். எந்த மிகைச்சொல்லும் இல்லை, வெறும் இடப்பெயர்கள். ஆனால் இடப்பெயரைவிட உணர்ச்சி மிகுந்த சொல் பெயர்ந்தவனுக்கு வேறேது?

இன்று அவ்விடத்தில் ‘அம்மாவின் கைமணம்’, ‘ஊர்ச்சுவை’, ‘பாட்டியின் பக்குவம்’ என்பன வந்துள்ளன. சாம்பார்ப் பொடி, புளியோதரைப் பொடி, அரைத்த மாவு ஆகியவற்றின் பொதிகளில் இவை காணப்படுகின்றன. அழுகையின் களன்களுள் அசைவு என ஒன்றைத் தொல்காப்பியர் கூறுகிறார். முன்னிருந்த நிலையினின்று தளர்தல் என அதனை விளக்கலாம். பெயர்ந்து வந்தவர்களின் ஏக்கம் அதுவே. கைமணம் என்ற சொல் எதனைக் குறிக்கிறது? அளவுக் கரண்டிக்கு அகப்படாத ஒன்றை. ஒரே புளி, ஒரே மிளகாய், ஒரே அடுப்பு. கை மாறினால் சுவை மாறும் என்பதே அச்சொல்லின் முழுப்பொருள். ஆலையில் பொறி அரைத்துப் பொறி அடைத்த பொடிக்கு அச்சொல்லைச் சூட்டும்போது, சொல் தன் பொருளுக்கே எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறது. பொடி தரமற்றது என்று யான் கூறவில்லை. எங்கள் வீட்டிலும் அது உண்டு. அவசரத்துக்கு உதவும் என்று எழுதியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும், அவ்வளவு விற்றிராது. என் கவலை வேறு. இங்கேயே பிறந்து வளரும் குழந்தை கைமணம் என்ற சொல்லை முதன்முதலில் அப்பொதியின் மேல் படிக்குமாயின், அச்சொல்லுக்கு அது அறியும் பொருள் பொதியின் உள்ளே இருப்பதாகத்தான் இருக்கும்.

சேலத்து நரசூஸ் காபியின் விளம்பரத்தில் ஒருவர் குடித்துவிட்டு ‘பேஷ், பேஷ், ரொம்ப நன்னா இருக்கு’ என்றார். அவ்வளவே. கொட்டையின் தரம், வறுத்த பக்குவம், சிக்கரியின் அளவு எதுவும் அதில் இல்லை. ‘நன்னா’ என்ற ஒரு கொச்சை, காபியைப் பற்றி அதிகாரத்தோடு தீர்ப்புக் கூறவல்லவர் என்று ஊரார் கருதிய ஒரு கூட்டத்தாரின் கூடத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. வெண்கல டவராவும் ஊஞ்சலும் படத்தில் இல்லாவிடினும் காதில் ஒலித்தன. ஒரு சாதியாரின் பேச்சு நாவின் தரத்துக்குச் சான்றிதழாவது முறையா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் அதிலுள்ள முதற்சொல்லைக் கவனியுங்கள். ‘பேஷ்’ தமிழன்று, வடக்கிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து, கச்சேரி மேடையோரத்திலும் காபிக் கடையிலும் குடியேறிய சொல். அது இப்போது விளம்பரத்தில் ஏறி, வடக்கே வாழும் தமிழர் வீட்டுக் கூடத்துக்குத் திரும்பி வருகிறது. அதைக் கேட்டு நமக்குக் கும்பகோணம் நினைவுக்கு வருகிறது.